வாவிக்கரை வாகனங்கள் – 9: உப்புக்காற்றும் எர்த் வயரும்

கார் ஸ்டார்ட் எடுக்க மறுக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். திறப்பைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது? "டிக்" என்று ஒரு தட்டோடு அடங்கிவிடுகிறதா? இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இல்லை, எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காமல் நிற்கிறதா? முதல் இரண்டும் பெரும்பாலும் கரண்ட் சங்கதி. மூன்றாவது பெற்றோல் அல்லது பிளக் சங்கதி. இதைப் பிரித்துப் பார்க்காமல் கராச்சுக்குப் போகிறவர், தேவையில்லாத சாமானுக்குக் காசு கொடுத்துவிட்டு அதே வருத்தத்தோடு திரும்பி வருவார்.

நம் பக்கத்தில் ஓடும் கார்கள் இளமையானவை அல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்குத் திரும்பவும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. ஜூலையில் பெற்றோலைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அதற்கு முன் அதுவும் இல்லை. வரிசையில் நிற்கப் பெற்றோல் இல்லாமல் கார்கள் வாசலில் கிடந்தன. சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடக்கும் பற்றரியின் ஈயத் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. அந்த வருடம் பலர் பற்றரி மாற்றியதில் நியாயம் இருந்தது. ஆனால் அதிலிருந்து எதற்கெடுத்தாலும் பற்றரியைக் குறை சொல்லும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

எழுவான்கரையை நினைத்துப் பாருங்கள். கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று போகும் அந்த ஒடுங்கிய நிலத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாடைக்காற்று வீசும் மாதங்களில் காலையில் கார்க் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் உப்பு தெரியும். கண்ணாடியில் படிவது பொனற்றுக்குக் கீழேயும் படியும்.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு கராச்சில் பார்த்தது. பற்றரி புதிது, கார் விடியக்காலையில் இழுக்கிறது. "லைட் நல்லா எரியுதண்ணே, ஹோர்னும் அடிக்குது, அப்ப ஸ்டார்ட்டர்தானே பிழை?" என்றார் காரோடு வந்த இளைஞர். "லைட் எரியுறதப் பாத்து ஏமாறாதீங்க தம்பி. ஸ்டார்ட்டர் குடிக்கிற கரண்டு வேற" என்ற மெக்கானிக், ஜம்ப் வயரின் ஒரு நுனியை பற்றரியின் நெகட்டிவ்வில் கவ்வவிட்டு, மறு நுனியை எஞ்சினின் வெறும் உலோகத்தில் கவ்வவிட்டார். திறப்பைத் திருப்பியதும் கார் ஒரே பிடியில் ஸ்டார்ட் எடுத்தது. பிறகு எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் எர்த் வயரைக் கழற்றிக் காட்டினார். வெளியே பிளாஸ்ரிக் உறை கறுப்பாக, ஒழுங்காக இருந்தது. நுனியைக் கீறிப் பிரித்தால் உள்ளே செம்பு இல்லை. பச்சைத் தூள் கொட்டியது.

அவர் சொன்னதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஹெட்லைட்டுக்குப் பத்து அம்பியர் அளவில் போதும். ஸ்டார்ட்டர் மோட்டர் 150 அம்பியரும் கேட்கும். எர்த் பாதையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை ஏறினாலே 1.5 வோல்ற் அங்கேயே தொலைந்துவிடும். அதனால்தான் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இரவு முழுக்க நின்ற காரில் பற்றரி 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். விழாமலே எஞ்சின் இழுக்கிறதென்றால், மீற்றரின் ஒரு முனையை பற்றரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்துத் திரும்பவும் ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் பிழை. நுனிகளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, உலரவைத்து, அரத்தாள் போட்டு, மாட்டிய பிறகு மேலே வாசிலின் பூசுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

தள்ளி ஸ்டார்ட் எடுக்கும் காலம் ஓட்டோ கியர் கார்களோடு முடிந்துவிட்டது. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், பெரும்பாலும் பின்பக்கம் ஒளிந்திருக்கும் சின்ன 12 வோல்ற் பற்றரி சோர்ந்தால் "ரெடி" எழுத்தே வராது.

மூன்றாவது சத்தத்துக்கு வருவோம். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இதை யாழ்ப்பாணத்துக்காரர்களை விட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் அங்கே பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ40யும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. எப்படி? காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரிவது திரவம் அல்ல, அதன் ஆவி. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் சூட்டுக்கு வந்தால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் உறைபனியிலும் விடும். தடைக்குள் வாழ்ந்த சனம் ஒரு மேசைக்கரண்டிப் பெற்றோலை எண்ணி எண்ணிச் செலவழித்துக் கண்டுபிடித்த வழி அது. அதை நான் பெரிய பொறியியலாக மதிக்கிறேன். இன்று மாதக்கணக்கில் ராங்கில் கிடந்த பெற்றோலுக்கும் இதே கதைதான். இலகுவில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். குளிர்ந்த எஞ்சின் அடம்பிடிக்கும், சூடேறினால் ஓடும். புதுப் பெற்றோல் கலந்து பார்த்துவிட்டு மற்றதைத் தேடுங்கள். திறப்பை ஓன் நிலைக்குத் திருப்பியதும் பின்சீற்றுக்குக் கீழே இரண்டு செக்கன் மெல்லிய முனகல் கேட்காவிட்டால் பெற்றோல் பம்பையும் அதன் பியூசையும் பாருங்கள்.

ஒரு நிலைமையில் மட்டும் எந்தச் சத்தத்தையும் கேட்க முயலவேண்டாம். 2011 ஜனவரியைப் போல வெள்ளம் வந்து, காற்று வடிகட்டி மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய கார் என்றால் திறப்பைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது; ஸ்டார்ட் அடித்தால் கொன்ரொட் வளையும். பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றும் முறையையும், ஒயில் பால்நிறமாகியிருந்தால் செய்யவேண்டியதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.