ஆண்டுக்கு ஒரு டாலர்: பயிற்சியாளர் ராட் டீடோ

அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டு வரலாற்றிலே, நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே அணியைப் பயிற்றுவித்து, அதற்கென ஆண்டுக்கு ஒரே ஒரு டாலரை மட்டும் ஊதியமாக ஏற்றுக்கொண்ட மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ராட் டீடோ. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்கு 1942 முதல் 1986 வரை தலைமைப் பயிற்சியாளராய் விளங்கியவர். அவருடைய அணி 1332 ஆட்டங்களில் வென்றது. 571 ஆட்டங்களில் தோற்றது. 11 ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி நம் இல்லங்களில் பேச்செழும்போதெல்லாம், 'இதனால் என்ன வரும்?' என்னும் வினாவும் உடன் எழுவதை நாம் அறிவோம். டீடோ தமக்குத் தாமே அவ்வினாவைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆதலால் அவர் வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

பேஸ்பால் நமக்கு அத்துணைப் பழக்கமான ஆட்டமன்று. கிரிக்கெட் அறிந்தவர்க்கு அதனை விளங்கிக்கொள்வது கடினமுமன்று. அணிக்கு ஒன்பது பேர். சதுர வடிவாய் அமைந்த நான்கு தளங்கள். பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் தொட்டு, புறப்பட்ட இடத்திற்கே மீண்டால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் அடுத்த அணியின் முறை வரும். இவ்வாறு ஒன்பது இன்னிங்ஸ். கிரிக்கெட்டில் வீழ்ந்த அணி எழுவதற்கு நேரமுண்டு. பேஸ்பாலிலோ, ஒருவர் பந்தைத் தவறான தளத்திற்கு எறிந்துவிட்டாலும், எத்தனை பேர் ஆட்டமிழந்தனர் என்பதை ஒரு கணம் மறந்துவிட்டாலும், ஆட்டமே கைநழுவிப் போய்விடக்கூடும். டீடோவின் பயிற்சி முழுவதும் இந்தக் கணத்தைப் பற்றியதே.

1914ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த ராவுல் மார்சியல் டீடோ, கலிபோர்னியாவில் வளர்ந்து, ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியில் ஆடினார். 1935இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். மட்டை பிடித்தது நான்கு முறை. பந்தை அடித்துத் தளமடைந்தது ஒரு முறை. பின்னர்ச் சிறிய அணிகளில் ஆடிக்கொண்டிருக்கையில் முதுகில் ஏற்பட்ட காயம் ஆட்டக்காரராகும் அவர் கனவைக் கலைத்துவிட்டது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு அல்லது சற்றுக் கூடுதல்.

புரூக்ளினில் அவருக்குக் கிட்டிய நற்பேறு ஒன்று உண்டு. அவ்வணியின் மேலாளராக அன்று இருந்தவர் கேஸி ஸ்டெங்கல். வேடிக்கைப் பேச்சுக்கும் ஆட்ட நுணுக்கத்திற்கும் பேர்போன இவர், பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் அணியை 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் உலகத் தொடரில் வெற்றிபெறச் செய்தவர். ஸ்டெங்கலும் டீடோவும் வாழ்நாள் நண்பராயினர். ஆசானின் ஐந்து தொடர் வெற்றிகளுக்கு இணையாக மாணாக்கர் என்ன செய்தார் என்பதைப் பின்னே காண்போம்.

விளையாட்டு கைவிட்டபின் பிழைப்புக்கு வழி வேண்டுமே! ஐந்நூறு டாலரை முதலாக இட்டு லாரித் தொழில் ஒன்றைத் தொடங்கினார் டீடோ. 'டார்ட்' என்பது அதன் பெயர். பழுது பார்ப்பதும் சரக்கு ஏற்றிச் செல்வதுமாய்த் தொடங்கிய அத்தொழில், நாளடைவில் பல நாடுகளுக்கும் சரக்கு அனுப்பும் பெரு நிறுவனமாய் வளர்ந்தது. குடும்பத்திற்கு வேண்டியதை லாரிகள் ஈட்டித் தந்தன. மைதானத்திலிருந்து அவர் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் பயிற்சியாளரானதும் தற்செயலே. தம்மைப் பயிற்றுவித்த ஆசிரியர் சாம் பாரி, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைப் பணிக்குச் சென்றார். அவர் இடத்தை 1942இல் டீடோ ஏற்றார். போர் முடிந்து பாரி திரும்பி வந்தபோது நிகழ்ந்ததுதான் நம் கருத்தைக் கவர்கின்றது. நான்கு ஆண்டுகள் அணியைக் கட்டிக் காத்தவர் டீடோ. 'இனி இது என் அணி' என்று அவர் உரிமை கொண்டாடியிருக்கலாம். பாரியும், 'என் நாற்காலியைத் தா' என்று கேட்டிருக்கலாம். இருவரும் இணைப் பயிற்சியாளராய் அமர்ந்தனர். பாரி கூடைப்பந்து அணிக்கும் பயிற்சியாளர். அப்பருவம் முடியும்வரை பேஸ்பால் அணியை டீடோ நடத்துவார். பின்னர்ப் பாரி வந்து சேர்ந்துகொள்வார். 1950இல் பாரி இறக்கும்வரை இவ்வேற்பாடு நீடித்தது. டீடோ வென்ற தேசியப் பட்டங்கள் பதினொன்று என்று சிலரும் பத்து என்று சிலரும் எழுதுவதன் காரணம் இதுவே. 1948ஆம் ஆண்டுப் பட்டம் இருவருக்கும் பொதுவானது.

அந்த 1948ஆம் ஆண்டு இறுதிப் போட்டி மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் நடைபெற்றது. எதிரணி புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம். அதன் தலைவராய் முதல் தளத்தில் நின்றவர் ஜார்ஜ் புஷ் என்னும் இளைஞர். 1989 முதல் 1993 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராய் இருந்தவர் அவரே. முதல் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் யேல் அணியினர் மூன்று தளங்களிலும் ஆள் நிறுத்தியிருந்தனர், ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. அடுத்து மட்டை பிடிக்கப் புஷ் காத்து நின்றார். அவர் முறை வரவேயில்லை. ஒரே பந்தில் மூவரும் ஆட்டமிழந்தனர், ஆட்டமும் முடிந்தது.

கல்லூரி உலகத் தொடர் எனப்படும் இப்போட்டி 1950 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் நடைபெற்று வருகின்றது. (அங்கே அதனை வரவேற்று நடத்துவது இயேசு சபையாரின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் என்பதையும், 1952இல் பட்டம் வென்றது அச்சபையாரின் ஹோலி கிராஸ் கல்லூரி என்பதையும் நம் வாசகர்கள் அறிந்து மகிழலாம்.) ஒமாஹாவில் டீடோவின் அணி 1958, 1961, 1963, 1968 ஆகிய ஆண்டுகளில் வென்றது. பின்னர் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. ஸ்டெங்கலின் ஐந்துக்கு இணை இந்த ஐந்து. இன்றுவரை வேறெந்தக் கல்லூரியும் தொடர்ந்து மூன்று முறைகூட வென்றதில்லை. 1978இல் மீண்டும் ஒரு பட்டம் வந்தது.

இவற்றுள் 1973ஆம் ஆண்டு அரையிறுதி ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. எதிரணியான மினசோட்டாவுக்குப் பந்தெறிந்தவர் டேவ் வின்ஃபீல்ட். ஆறடிக்கு மேல் ஆறு அங்குல உயரம். கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து ஆகிய ஆட்டங்களின் தொழில்முறை அணிகளும் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தன. எட்டு இன்னிங்ஸ் முடிவில் டீடோவின் ஆட்டக்காரர் பதினைவரை வெறும் மட்டையோடு திருப்பி அனுப்பியிருந்தார் அவர். மினசோட்டா 7, தென் கலிபோர்னியா 0. எஞ்சியது ஒரே ஒரு முறை. பார்த்தவர்களுள் பலர் எழுந்து போகத் தொடங்கியிருந்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஒரு முறையில் டீடோவின் அணி எட்டு ஓட்டங்கள் எடுத்தது! களைத்துப்போன வின்ஃபீல்டைப் பந்தெறிவதிலிருந்து விலக்கி வெளிக்களத்தில் நிறுத்தினர். அங்கிருந்தபடியே தம் அணி வீழ்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 8க்கு 7 என்று ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியிலும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 4க்கு 3 என்று வென்றனர்.

இத்தகைய மீட்சியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரே தவற்றை இரண்டாம் முறை செய்யாதே என்பது உலக வழக்கு. டீடோவோ, ஒரே தவற்றை முதல் முறைகூடச் செய்யாதே என்பார்! கேட்பதற்கு நகைப்பாயிருக்கும். அதன் பொருள் ஆழமானது. பிறர் செய்யும் தவற்றைக் கண்டு நீ கற்றுக்கொள். மைதானத்தில் இறங்காமல் பலகையில் அமர்ந்திருக்கும்போதும் உன் மனம் ஆட்டத்தில் இருக்கட்டும். பந்து உன்னிடம் வருமுன்னே அதனை எங்கே எறிவது என்பதை முடிவு செய்துகொள். கை தவறுவதை அவர் பொறுத்துக்கொள்வார். மனம் தவறுவதைப் பொறுத்துக்கொள்ளார். அதே வேளையில் சிடுசிடுப்பான மனிதருமல்லர். எதிர்ப்பட்ட எவரையும் 'டைகர்' என்றே அழைப்பார். சிரிப்பும் கேலியும் அவர் அணியில் எப்பொழுதும் உண்டு.

பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பதிலும் அவருக்கென ஒரு வழி இருந்தது. ஃபிரெஸ்னோ நகரக் கல்லூரியிலிருந்து டாம் சீவர் என்னும் இளைஞர் வந்தார். உதவித்தொகை தர டீடோவிடம் இருந்த இடங்களோ மிகச் சில. 'அலாஸ்கா சென்று கோடைக் காலத்தில் ஆடிவா; அங்கே தேறினால் இடம் உண்டு' என்பது ஏற்பாடு. 1964 கோடையில் ஃபேர்பேங்க்ஸ் நகர அணிக்குப் பந்தெறிந்து, தேறித் திரும்பி, உதவித்தொகையைத் தம் உழைப்பால் பெற்றார் சீவர். 1969இல், யாரும் எதிர்பாராத நியூயார்க் மெட்ஸ் அணி உலகத் தொடரை வென்றபோது அதன் முதன்மைப் பந்தெறிவாளர் அவரே. தொழில்முறை ஆட்டத்தில் அவர் பெற்ற வெற்றிகள் 311. 'முடியாது' என்றோ 'எடுத்துக்கொள்' என்றோ சொல்லாமல், 'சம்பாதித்துக்கொள்' என்று சொல்லும் ஆசிரியர் கிட்டுவது அரிது என்பது நம் எண்ணம்.

ஃபிரெட் லின், டேவ் கிங்மன், பில் லீ, ராண்டி ஜான்சன், மார்க் மக்வயர் என்று டீடோவிடம் பயின்று பெரிய அணிகளுக்குச் சென்றவர்களின் பட்டியல் நீளும். ஏறத்தாழ அறுபது பேர் என்பர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் 303 வெற்றிகள் கண்ட ஜான்சனும், 1984இல் ஒரே கல்லூரிப் பருவத்தில் 32 முறை பந்தை எல்லை கடத்திய மக்வயரும் ஒரே அணியில் இருந்த ஆண்டுகளில் டீடோவின் அணி ஒமாஹாவை எட்டவேயில்லை! அதே 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சி விளையாட்டாக நடைபெற்றது. அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளர் டீடோ. மக்வயர், வில் கிளார்க், பாரி லார்கின் எனப் பேரும் புகழும் பெறவிருந்தோர் அவ்வணியில் இருந்தனர். இறுதிப் போட்டியில் ஜப்பான் 6க்கு 3 என்று வென்றது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கும் அணியை அழைத்துச் சென்று, ஜப்பானியப் பல்கலைக்கழகங்களோடு நட்பாட்டங்கள் வளரத் துணைநின்றவர் அவர். அவர் நேசித்த நாட்டின் கையாலேயே அத்தோல்வி வந்தது.

மக்வயர் 1998இல் 70 முறை பந்தை எல்லை கடத்தி நாட்டையே வியப்பில் ஆழ்த்தினார். ஊக்க மருந்து பயன்படுத்தியதை 2010இல் அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே டீடோ மறைந்துவிட்டார். மாணவரின் வெற்றியை ஆசிரியர் கணக்கில் எழுதுவோர், அவர் சறுக்கலை எங்கே எழுதுவர்? இரண்டையும் மாணவர் கணக்கிலேயே எழுதுவது நேர்மை என்று நமக்குத் தோன்றுகின்றது.

ஊதியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று அந்நாட்டின் பெரிய பல்கலைக்கழகப் பயிற்சியாளர் சிலர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் பெறுகின்றனர். அவர்களை டீடோவோடு ஒப்பிட்டுப் பழிப்பது முறையன்று. லாரி நிறுவனம் உடையவர் ஒரு டாலருக்கு உழைக்கலாம். வாடகை வீட்டில் பிள்ளைகளோடு இருப்பவர் அவ்வாறு உழைக்க முடியாது. பள்ளியிலும் மைதானத்திலும் உழைப்போரிடம், 'தொண்டாகச் செய்யுங்கள்' என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர்களுக்கு டீடோவின் வரலாறு சான்றாகாது. அவர் தாமே விரும்பிக் கொடுத்தார். அவரிடம் யாரும் பிடுங்கவில்லை. ஊதியம் கொடுப்பவர் ஆட்டி வைக்க முடியாத உரிமையும் அதனால் அவருக்குக் கிட்டியது என்பதையும் மறத்தலாகாது.

கடைசி ஆண்டுகள் எளிதாயில்லை. 1978க்குப் பின் பட்டம் இல்லை. வேறு பல பல்கலைக்கழகங்கள் இந்த ஆட்டத்திற்குப் பணத்தையும் கவனத்தையும் கொட்டத் தொடங்கியிருந்தன. 1986இல் எழுபத்திரண்டாம் வயதில் டீடோ விலகினார். வீட்டில் முடங்கவில்லை, 1989இல் வெளிவந்த 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' திரைப்படத்தின் நடிகர்களுக்கு மட்டை பிடிக்கவும் பந்தெறியவும் கற்றுக்கொடுத்தார். 1999இல் கல்லூரி பேஸ்பால் இதழ் ஒன்று அவரை நூற்றாண்டின் பயிற்சியாளர் எனத் தேர்ந்தது. 2006 ஜனவரி 5ஆம் நாள், தொண்ணூற்றொரு வயதில் காலமானார்.

அவருக்குப் பின் அணியை ஏற்றவர் மைக் கில்லெஸ்பி. 1961இல் பட்டம் வென்ற டீடோவின் அணியில் ஆடியவர். தம் ஆசான் சாம் பாரியிடமிருந்து பெற்ற அணியை டீடோ தம் மாணவரிடமே விட்டுச்சென்றார். 1998இல் ஒமாஹாவில் கில்லெஸ்பியின் அணி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 21க்கு 14 என்று வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பின் பட்டத்தை மீட்டது. அப்பொழுது டீடோவுக்கு வயது எண்பத்து நான்கு.