கோப்பே கட்சிக்காரர்

‘அரசு வக்கீல்’ என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவர், கொலை, கொள்ளை வழக்குகளில் காவல்துறையின் பக்கம் நின்று வாதாடும் குற்றவியல் வழக்குரைஞரே. தண்டனையைப் பற்றியன்றி நிலம், ஒப்பந்தம், இழப்பீடு போன்ற உரிமைகளைப் பற்றி எழும் உரிமையியல் வழக்குகளில், அதாவது சிவில் வழக்குகளில், அரசுக்காக நிற்பவர் வேறொருவர். ‘கவர்ன்மென்ட் பிளீடர்’ என்ற அவருடைய பதவிப் பெயரை நீதிமன்ற வளாகத்தில் ‘ஜி.பி.’ என்றே சுருக்கி அழைக்கிறார்கள். மாநில அரசு நியமித்தவரை மட்டுமன்றி அவருடைய அறிவுறுத்தலின்படி செயல்படும் வழக்குரைஞரையும் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இப்பதவிப் பெயருக்குள் அடக்குகிறது. சென்னையில் இப்பதவி நெடுங்காலம் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1888இல் அதற்கு வந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் 1895இல் உயர்நீதிமன்ற நீதிபதியும் ஆனார்.

ஆள்வோர்மீது குடிமகன் வழக்குத் தொடுக்கலாம் என்பதே இப்பணிக்கு அடிப்படை என்றாலும், இந்தியாவில் அந்த உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் இரட்டை வேடத்திலிருந்து பிறந்தது. கம்பெனி வணிகமும் செய்தது, நாடும் ஆண்டது. வணிகனாக நடந்துகொண்டதற்கு மற்ற வணிகர்களைப் போலவே அது நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கல்கத்தாவில் அரசுக் கப்பல்பட்டறைத் தொழிலாளர்கள் சுமந்துசென்ற இரும்புத் துண்டு கீழே விழ, அந்தச் சத்தத்தில் மிரண்டு காயமடைந்த வண்டிக் குதிரைக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1861இல் நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. இறையாண்மைச் செயல், பிற செயல் என்ற பாகுபாடு அதிலிருந்தே வளர்ந்தது. அரசமைப்பின் 300ஆம் உறுப்பும் அந்தப் பழைய நிலையையே தொட்டுத் தொடர்கிறது. 1947இல் மீரட்டில் ஒரு நகை வணிகரிடம் காவல்துறை கைப்பற்றிய தங்கத்தைக் காவலர் ஒருவரே கையாடி எல்லை தாண்டிவிட்டபோதும், கைப்பற்றியது இறையாண்மை அதிகாரத்தின்கீழ் நடந்த செயல் என்பதால் அரசு இழப்பீடு தரவேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் பிற்பாடு கூறியதை, சட்டத்துக்கும் நியாயத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் தீர்ப்பாகவே கொள்ள வேண்டும்.

இன்றைய நடைமுறையில் வழக்குத் தொடுப்பதற்கு முன்பே அரசுக்கு ஒரு சலுகை உண்டு. நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, குறையையும் கோரிக்கையையும் எழுத்தில் தெரிவித்து இரண்டு மாதம் காத்திருந்த பின்னரே பொதுவாக அரசின்மீது வழக்குப் போடலாம். அவசரமானால் நீதிமன்ற அனுமதியுடன் அறிவிப்பின்றியும் வரலாம் என்ற விலக்கு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. அந்த இரண்டு மாதத்தில் அரசு தன் கோப்பைப் புரட்டிப் பார்த்து, தவறு தன்மீது இருந்தால் திருத்திக்கொள்ளும் என்பதே சட்டத்தின் எண்ணம். நடப்பதோ, அறிவிப்பு ஓர் அலுவலகத்தின் தபால் பதிவேட்டில் ஏறி, பிரிவு எழுத்தரின் மேசையில் உறங்கிவிடுவதுதான். பெரும்பாலான அறிவிப்புகளுக்குப் பதிலே தரப்படுவதில்லை என்று குறைகூறிய உச்சநீதிமன்றம், சேலம் வழக்குரைஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் அளித்த தீர்ப்பில், பதில் அனுப்புவதற்கெனப் பொறுப்பான அலுவலர் ஒருவரைத் துறைதோறும் நியமிக்கப் பணித்தது.

தனியார் வழக்குரைஞரின் கட்சிக்காரர் நேரில் வந்து அமர்ந்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்லி, சினந்தோ அழுதோ தன் கதையை உரைப்பார். அரசு வழக்குரைஞரின் கட்சிக்காரருக்கு முகம் கிடையாது. வழக்கின் தலைப்பில் ‘தமிழ்நாடு மாநிலம், மாவட்ட ஆட்சியர் வழியாக’ என்று நிற்கும் அந்தக் கட்சிக்காரரின் நினைவாற்றல் முழுவதும் கோப்பில்தான் இருக்கிறது. முன்சீப் நீதிமன்றங்களில் அடிக்கடி வரும் புறம்போக்கு வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். மூன்று தலைமுறையாகத் தம் அனுபவத்தில் உள்ள இடம் எனக் கூறும் ஒருவர், 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு பெற்றதும், தம்மை வெளியேற்றக் கூடாதென நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது தடையாணை, கோரி வருகிறார். பிராதின் நகல் வட்டாட்சியருக்குப் போகிறது. அவர் ஒவ்வொரு பத்திக்கும் உண்மை, பொய், தெரியாது எனப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். ‘பத்திவாரிக் குறிப்புரை’ எனப்படும் இந்தத் தாளிலிருந்துதான் அரசின் எதிருரை உருவாகிறது. ஆனால் வட்டாட்சியர் அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பார், அவர் பொறுப்பேற்று நான்கு மாதமே ஆகியிருக்கும். முன்பிருந்தவர் மாறுதலில் போயிருப்பார், அதற்கு முன்பிருந்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

இந்நிலையில் அரசு வழக்குரைஞர் சட்டப் புத்தகத்தைவிட வருவாய்த்துறைப் பதிவேடுகளில் தேர்ந்திருக்க வேண்டியவராகிறார். நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் ‘அ’ பதிவேடு, பயிர் நிலையை ஆண்டுதோறும் பதியும் அடங்கல், எல்லையைக் காட்டும் புல வரைபடம் ஆகியவை ஒன்றையொன்று மறுக்கும்போது எதை நீதிமன்றம் ஏற்கும் என்பதை அவர் முன்கூட்டியே கணிக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த, யு.டி.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் நிலப்பதிவு மேம்பாட்டுப் பணியில் பட்டா நிலம் புறம்போக்காகவும், புறம்போக்கு பட்டாவாகவும் பதியப்பட்ட பிழைகள் இன்றுவரை வழக்குகளாக வந்துகொண்டிருப்பதால், அரசின் பதிவேடு சொல்கிறது என்பதற்காகவே அதை நம்பிவிடுவதும் ஆபத்து. கூண்டில் ஏறும் கிராம நிர்வாக அலுவலர், குறுக்கு விசாரணையில் ‘நான் நேரில் பார்க்கவில்லை, ஆவணத்தை வைத்துச் சொல்கிறேன்’ என்று ஒப்புக்கொள்ளும் கணத்தில் பல வழக்குகள் கைநழுவுகின்றன. அப்படி ஒப்புக்கொள்பவர் நேர்மையானவர் என்பது வேறு செய்தி.

காலத்தைப் பொறுத்தும் சட்டம் அரசுக்குத் தாராளமாகவே நடந்துகொள்கிறது. தன் நிலத்தில் பிறர் எதிரிடை அனுபோகத்தில், அதாவது உரிமையாளருக்கு எதிராகத் தமதென்றே வெளிப்படையாக ஆண்டுவரும் நிலையில், இருந்தால் தனியார் 12 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அரசுக்கு 30 ஆண்டு தருகிறது. எனினும் மேல்முறையீட்டில் இந்தத் தாராளம் கிடைப்பதில்லை. அஞ்சல்துறை 427 நாள் தாமதமாக வந்த ஒரு வழக்கில், கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது என்ற வழக்கமான விளக்கத்தை இனி ஏற்க முடியாதென்று 2012இல் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை எழுதும் ஒவ்வோர் அரசு வழக்குரைஞரும் அத்தீர்ப்பை எதிர்த்தரப்பின் கையில் எதிர்பார்த்தே எழுதுகிறார்.

மேல்முறையீட்டுக்கு வழக்கு தகுதியற்றது என்று கருத்துரை எழுதுவதே இப்பணியின் கடினமான பகுதி. அதை ஏற்று ஒதுங்கும் அலுவலருக்குப் பின்னாளில் தணிக்கைக் கேள்வியோ விசாரணையோ வரலாம், மேல்முறையீடு செய்து தோற்பவரை யாரும் கேட்பதில்லை. ஆகவே தோல்வி உறுதியான வழக்கும் மேலே போகிறது. வழக்குரைஞரின் நிலையும் உறுதியானதன்று: ஆட்சி மாறினால் பெரும்பாலும் அரசு வழக்குரைஞர்களும் மாறுகிறார்கள். இந்நியமனங்கள் ஆட்சியாளரின் விருப்பப்படி வழங்கும் கொடையல்ல, பொதுநலன் கலந்தவை என்று உச்சநீதிமன்றம் 1990இல் சொன்னது. 2016இல் பஞ்சாப், அரியானா தொடர்பான வழக்கில் தகுதி அடிப்படையிலான தேர்வை வலியுறுத்தியது. அரசு ஒரு தரப்பாக உள்ள வழக்குகளில் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்று நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் கட்டளை கூறினாலும், சமரசத்துக்குத் தலையசைக்கும் அதிகாரம் படைத்தவர் நீதிமன்ற அறையில் இருப்பதில்லை.

தோற்ற பிறகும் அரசுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. அதற்குள் தீர்ப்பாணையை நிறைவேற்றாவிட்டால்தான் நிறைவேற்று மனு மேற்செல்லும். நிலமெடுப்பு இழப்பீட்டின் கூடுதல் தொகை கட்டப்படாமல் கோட்டாட்சியர் அலுவலகத்தின் நாற்காலி, கணினி, ஜீப் ஆகியவற்றை ஜப்தி செய்ய நீதிமன்ற அமீனா வந்து நிற்கும் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களுக்குப் புதிதல்ல. அந்நேரத்தில் சட்ட நுணுக்கம் எதுவும் எடுபடாது. நிதி ஒதுக்கீட்டுக் கடிதம் எந்தப் பிரிவில், யாருடைய மேசையில் தங்கியிருக்கிறது என்று தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்து, இன்னும் இரண்டு வாரம் அவகாசம் தருமாறு நீதிபதியிடம் கேட்பதே அரசு வழக்குரைஞரின் வேலையாக மிஞ்சுகிறது.