கார் நிறுத்துமிடத்துக்கு எந்த விளக்கு?

சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில் பெரும்பாலும் தரைத்தளம் வண்டிகளுக்குத்தான். பக்கங்கள் திறந்திருக்கும் அந்த ஸ்டில்ட் பார்க்கிங்தான் நம் ஊர் கராஜ். அதற்கு விளக்கு வாங்கப் போனால் ‘எத்தனை வாட்?’ என்றுதான் பேச்சே தொடங்குகிறது. வாட் சொல்வது மின்செலவை. வெளிச்சத்தைச் சொல்வது லூமன்.

பழைய 40 வாட் டியூப்லைட், சோக்கையும் சேர்த்தால் 50 வாட் இழுக்கும். சுமார் 2,400 லூமன் கொடுத்தாலும் அதில் பாதி கூரைப் பக்கம் போய்விடும். 20 வாட் எல்.இ.டி. பேட்டன் ஏறக்குறைய 2,000 லூமனைக் கீழ்நோக்கியே பாய்ச்சுகிறது. நான்கு விளக்குகள் இரவில் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 72 யூனிட் ஆன இடத்தில் 29 யூனிட் போதும். வீடுகளுக்கு உள்ள 100 யூனிட் இலவசம் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குக் கிடையாது. எனவே மிச்சம் பில்லில் நேராகத் தெரியும்.

அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். தினம் 12 மணி நேரம் என்றால் ஐந்தரை ஆண்டுக்கு மேல். பிறகு ஏன் இரண்டே வருடத்தில் அணைகிறது?

பெரும்பாலும் பழுதாவது எல்.இ.டி. சில்லு அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர். அதிலுள்ள மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழ பாதியாகும். பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்தினால் சீக்கிரம் போகும். கரண்ட் போய்த் திரும்பும்போது எகிறும் மின்னழுத்தமும் டிரைவரைத்தான் தாக்கும், 2.5 அல்லது 4 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு உள்ளதா என்று பாருங்கள்.

சாரல் அடிக்கும் ஓரங்களுக்கு ஐ.பி.65 தேவை. இதில் 6 தூசு புகாததையும், 5 பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும். மூழ்கினால் அது காப்பாற்றாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மிதந்ததை நினைத்தால், சுவிட்ச் போர்டையும் மின்ஸ்கூட்டர் சார்ஜிங் பாயின்டையும் உயரத்தில் வைத்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போடுவதே அறிவு.

காரின் கூரைக்கு நேர் மேலே விளக்கு வேண்டாம். இரு கார்களுக்கு இடைப்பட்ட வழிக்கு மேலே இருந்தால்தான் கதவோரம் நிழல் விழாது. நிறத்தில் 6,500 கெல்வின் நீலவெள்ளையைவிட 4,000 கண்ணுக்கு இதம். பூச்சியும் குறைவாக வரும்.

விலையைக் கேட்கும் முன் பெட்டியைத் திருப்பி பி.ஐ.எஸ். பதிவு எண், லூமன், ஐ.பி., சர்ஜ் நான்கையும் படியுங்கள். இவை அச்சிடப்படாத விளக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.