மூசைக்குள் போகும் பழைய நகை

பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்துகொள்வது தமிழ், மலையாள வீடுகளில் தலைமுறைதோறும் நடந்துவரும் வழக்கம். பாட்டியின் அட்டிகை பேத்திக்கு வளையலாகும். தோட்டின் கல் மோதிரத்தில் ஏறும். தங்கத்தின் இயல்பே இதற்கு இடம் தருகிறது. அது துருப்பிடிப்பதில்லை, எத்தனை முறை உருக்கினாலும் அதன் தன்மை மாறுவதில்லை. மனிதர் இதுவரை வெட்டியெடுத்த தங்கம் ஏறக்குறைய 2,16,000 டன் என்று உலகத் தங்கக் கவுன்சில் கணக்கிடுகிறது. அதில் மிகப் பெரும்பகுதி இன்றும் நகையாக, கட்டியாக, நாணயமாக எங்கோ இருக்கிறது. இந்திய வீடுகளில் மட்டும் சுமார் 25,000 டன் இருக்கலாம் என்பது மதிப்பீடு. 2021-ஆம் ஆண்டில் 75 டன் பழைய தங்கத்தை மறுசுழற்சி செய்து இந்தியா உலகில் நான்காம் இடத்தைப் பெற்றது.

புதுத் தங்கம் எளிதில் கிடைப்பதன்று. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் பெரும்பாலான சுரங்கங்களில் சில கிராம் மட்டுமே தேறும். நூறாண்டுக்கு மேல் இயங்கிய கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுரங்கத்திலிருந்து ஒரு கிலோ தங்கம் பெற ஏறத்தாழ 16 டன் கரியமில வாயுவுக்கு நிகரான மாசு வெளியாகிறது; பழைய நகையிலிருந்து அதே ஒரு கிலோவைப் பிரித்தெடுக்க 53 கிலோ அளவுதான் வெளியாகிறது என்று ஜெர்மனியில் செய்து 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

பழைய நகையின் இந்த அருமை எளிய வீடுகளில்தான் கூடுதலாகத் தெரியும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்கும் இடத்தில் போனக்காடு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் உருவான தோட்டம் அது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அதன் வரிசை வீடுகளான லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவை. தோட்டம் நலிந்து கூலி நின்றுபோன இத்தகைய இடங்களில் கம்மலும் தாலிச் சங்கிலியும்தான் வீட்டின் சேமிப்பு. மலையிறங்கி விதுரைக்கோ நெடுமங்காட்டுக்கோ, திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கோ கொண்டுபோய் மாற்றும் இரண்டு பவுன் நகையில் அரை கிராம் குறைந்தாலும் அது பல நாள் கூலி. பழைய நகையில் உண்மையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதைக் கண்டறியும் முறைகள் பெரிய கடைக்காரர்களைவிட இந்தக் குடும்பங்களுக்கே அதிகம் தேவை.

நகையை அழிப்பதில் முதல் வேலை பிரித்தெடுப்பது. தென்னாட்டுப் பழைய நகைகள் பல உள்ளே கூடானவை. நசுங்காமல் இருக்க அரக்கு ஊற்றி நிரப்பியவை. கல்லுக்கு அடியிலும் அரக்கு உண்டு. அட்டிகையின் மணிகளிலும் காப்பின் உட்பகுதியிலும் இருக்கும் அரக்கைச் சூடுகாட்டி எடுத்த பிறகுதான் உண்மையான எடை தெரியும். திருகாணியின் சுரையில், கொக்கியின் வில்லில் வேறு உலோகம் இருக்கலாம். கல், அரக்கு, அழுக்கு, வேற்று உலோகம் ஆகிய நான்கையும் நீக்கியபின் நிற்பதே தங்கத்தின் எடை. உரிமையாளர் கண்முன் இந்த எடையைத் தனியாக எழுதிக்கொள்வது நல்ல பட்டறையின் வழக்கம்.

அடுத்தது மாற்றுப் பார்ப்பது. உரைகல்லில் நகையை இழைத்து, மாற்றுத் தெரிந்த தங்க ஊசியின் கீற்றை அதனருகே இழைத்து, இரண்டின்மேலும் திராவகம் தொட்டு நிறத்தை ஒப்பிடுவது பழைய முறை. சுத்தத் தங்கத்தைப் பத்தரை மாற்று என்று சொல்லிவந்தவர்கள் இந்தக் கீற்றைக் கொண்டுதான் அளந்தார்கள். தேர்ந்த கண்ணுக்கு இது ஒன்றிரண்டு விழுக்காட்டுப் பிழையோடு விடை தரும். இன்று கடைகளில் இருப்பது எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி. நகையின்மீது எக்ஸ்கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். அதைக் கொண்டு தங்கம், வெள்ளி, செம்பு எவ்வளவு என்று சில நொடிகளில் கருவி காட்டிவிடும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு ஆழத்தை ஒட்டி மட்டுமே. வடசேரியில் செய்யும் நாகர்கோவில் கோயில் நகைகளில் வெள்ளிமேல் கெம்புக் கல் பதித்துத் தங்கத் தகடு பொருத்தும் வகை உண்டு. புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவினையில் ஏமாற்று ஏதுமில்லை. ஆனால் அதன் முகப்பை மட்டும் கருவியில் காட்டினால் முழுத் தங்கம் போன்ற விடை வரும். ஆகவே கருவியின் எண்ணை நம்ப வேண்டுமானால் நகையை ஒருமுறை உருக்கிக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை மேலும் கீழும் சோதிக்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத விடை தருவது நெருப்புச் சோதனை. கட்டியிலிருந்து சிறு துணுக்கைச் சீவி நிறுத்து, அதனோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பல் அல்லது மக்னீசியாவால் செய்த சிறு கிண்ணத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். ஈயம் ஆக்சைடாகி, செம்பு போன்ற மலிவான உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். மிஞ்சும் மணியில் தங்கமும் வெள்ளியும் மட்டுமே இருக்கும். அதைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துபோகும். நின்றதை நிறுத்தால் தங்கம். பதினாயிரத்தில் சில பங்கு வரை துல்லியம் தரும் இந்த முறையின் அடிப்படை பழங்காலத்தியது; ஹால்மார்க் மையங்களின் இறுதித் தீர்ப்பு இன்றும் இதுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் அங்கீகரித்த மையங்களில் பொதுமக்களும் தங்கள் நகையைச் சோதித்துக்கொள்ளலாம். 4 நகை வரை 200 ரூபாய், 5-ம் அதற்கு மேலும் என்றால் ஒன்றுக்கு 45 ரூபாய் என்று 2022-இல் அமைவனம் கட்டணம் அறிவித்தது. நகையை அழிக்கக் கொண்டுபோகுமுன் இதைச் செய்துகொள்பவர்கள் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

22 காரட் என்று வாங்கிய நகை உருக்கும்போது ஏன் மாற்றுக் குறைகிறது? பெரும்பாலும் காரணம் பற்றவைப்பு. துண்டுகளை இணைக்கப் பொற்கொல்லர் வைத்து ஊதும் பொடி, நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். அதற்காக அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருக்கும். நூறு இடத்தில் பற்றவைத்த சங்கிலியில் இந்தப் பொடியே கணிசமான எடை. இதைத் தவிர்க்க 92 பங்கு தங்கத்தில் 8 பங்கு காட்மியம் கலந்த கே.டி.எம். பற்றவைப்பு வந்தது. காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடுவதால் மாற்றுக் குறையவில்லை. ஆனால் அந்த ஆவி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. சிறு பட்டறைகளில் அதைச் சுவாசித்தவர்கள் பொற்கொல்லர்களே. தர அமைவனம் அதை ஏற்பதில்லை; துத்தநாகமும் இண்டியமும் அதன் இடத்துக்கு வந்தன. ஆனால் பழைய கே.டி.எம். நகை இன்றும் உருக்குவதற்கு வந்துகொண்டிருக்கிறது. அதை அடைத்த அறையில் உருக்கக் கூடாது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 24 கிராம் நகையில் கல், அரக்கு போக 22 கிராம் நிற்கிறது. சோதனையில் 88 விழுக்காடு தங்கம் என்று வருகிறது. அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 19.36 கிராம். அதைப் பிரித்தெடுத்து 91.6 விழுக்காட்டில், அதாவது 22 காரட்டில், புது நகை செய்தால் 21.14 கிராம் நகை வரும். பிரிக்காமல், சுத்தத் தங்கம் சேர்த்தே மாற்றை 91.6-க்கு உயர்த்தலாம் என்று நினைத்தால் 9.43 கிராம், அதாவது ஒரு பவுனுக்கு மேல், வாங்கிச் சேர்க்க வேண்டும். மாற்றுக் குறைந்த தங்கத்தைச் சுத்திகரிப்பதே சிக்கனம் என்பதை இந்த எண்கள் காட்டும்.

சுத்திகரிப்பு சிறு பட்டறையிலும் நடக்கக்கூடியது. பழைய தங்கத்தோடு வெள்ளியைச் சேர்த்து, தங்கம் நாலில் ஒரு பங்காகும்படி உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் இடுவது ஒரு முறை. மற்றொன்று, ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராஜ திராவகத்தில் தங்கத்தையே கரைத்து, அன்னபேதி இட்டுப் பழுப்புத் தூளாகத் திரும்பப் படிய வைப்பது. இரண்டிலும் எழும் செம்பழுப்புப் புகை நச்சு. புகைபோக்கி இல்லாத வீட்டுக் கூடத்தில் செய்யும் வேலையன்று. பெரிய ஆலைகளில் உருகிய தங்கத்தினூடே குளோரின் வாயுவைச் செலுத்துகிறார்கள், 99.99 விழுக்காடு வேண்டுமானால் மின்பகுப்பு.

இவற்றுக்கு நம் நாட்டில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு தமிழ்நாட்டுக் கோயில்களில் நடந்தது. காணிக்கையாக வந்து பயன்படாமல் கிடந்த பொன் இனங்களைப் பிரித்து உருக்கும் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதிகளின் மேற்பார்வையில் கல், அரக்கு, அழுக்கு நீக்கி எடைபோட்டு, மும்பையில் உள்ள மத்திய அரசின் நாணயச் சாலையில் சுத்தத் தங்கக் கட்டிகளாக்கி வங்கியில் முதலீடு செய்தார்கள். 21 கோயில்களிலிருந்து 1,074 கிலோ தங்கம் இவ்வாறு முதலீடாகி ஆண்டுக்கு 17.81 கோடி ரூபாய் வட்டி தருவதாக 2025-இல் அரசு தெரிவித்தது. சமயபுரம் மாரியம்மன் கோயிலின் பங்கு மட்டும் 424 கிலோ.

உருக்கக் கூடாத நகையும் உண்டு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளை 2011-இல் திறந்தபோது கிடைத்தவற்றின் மதிப்பைத் தங்க விலையில் கணக்கிட்டுச் செய்திகள் வந்தன. அந்த நகைகளின் உண்மையான மதிப்பு வேலைப்பாட்டிலும் காலத்திலும் இருக்கிறது. உருக்கும் கிண்ணமான மூசை அந்த இரண்டையும் அழித்துவிடும். வீட்டில் இருக்கும் கைவேலை அட்டிகைக்கும் சிறிய அளவில் இது பொருந்தும். அறுந்த இடத்தை மட்டும் பழுதுபார்த்தால் போதுமானதை உருக்குவது பெரும் இழப்பு.

வைரத்தின் கதை வேறு. தங்கத்தைப் போல அதை உருக்கிச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு கல்லும் தனி. கடினத்தில் அதற்கு இணையில்லை என்றாலும் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. அத்திசையில் தட்டினால் உடையும். நெருப்புக்கும் அது தப்பாது. காற்றில் 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அதன் மேற்பரப்பு எரியத் தொடங்கிப் பால்போல் மங்கும். அதனால்தான் கல்லோடு நகையைப் பற்றவைக்க நேர்ந்தால் போரிக் அமிலப் பூச்சு கொடுத்துக் காக்கிறார்கள். மரகதம், முத்து என்றால் பற்றவைக்குமுன் கல்லைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றிய கல் வைரம்தானா என்ற சோதனையும் தேவை. வெப்பத்தைக் கடத்தும் வேகத்தை அளக்கும் பேனா வடிவக் கருவி, 'அமெரிக்கன் டைமண்ட்' எனப்படும் கியூபிக் சிர்க்கோனியாவை உடனே பிரித்துக் காட்டும். மொய்சனைட்டிடம் மட்டும் ஏமாறும். ஆனால் 1970-களுக்கு முந்தைய நகையில் இவ்விரண்டும் இருக்க வாய்ப்பில்லை. அவற்றில் எதிர்பார்க்க வேண்டிய போலிகள் கண்ணாடி, படிகம், இலங்கையில் மாத்தறை வைரம் என்று பெயர்பெற்ற நிறமற்ற சிர்க்கான். சிர்க்கானை உருப்பெருக்கியில் பார்த்தால் பின்பக்கப் பட்டைகள் இரட்டையாகத் தெரியும்.

தமிழ் வீடுகளில் பெருமையாகப் பேசப்படும் ப்ளூ ஜாகர் தோடுகளின் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தக் கற்களின் நீல ஒளிக்குக் காரணம் வைரத்துக்குள் ஓர் இடைவெளியைச் சூழ்ந்து அமர்ந்த மூன்று நைட்ரஜன் அணுக்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழ்கின்றன. சுரங்கம் 1971-இல் மூடப்பட்டதால், உண்மையான ஜாகர் கல் என்றால் அநேகமாக அது பழைய கல்லே.

பழைய கல்லைப் புது நகையில் பதிக்கும்போது பலர் ஏமாற்றம் அடைவது ஒளியில்தான். வைரத்துக்குள் புகுந்த ஒளி 24.4 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் பின்பக்கத்தைத் தொட்டால் முழுமையாகத் திரும்பும், குறைந்தால் வெளியேறிவிடும். இந்தக் கணக்கைக் கொண்டு 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி இன்றைய பட்டை வடிவத்தின் கோணங்களை வகுத்தார். அதற்கு முந்தைய கற்கள், குறிப்பாக அடிப்பக்கம் தட்டையான ரோஜாப் பட்டைக் கற்கள், ஒளியைப் பின்னால் கசிய விடுபவை. கல்லுக்கு அடியில் பளபளப்பான தகடு வைத்துப் பின்பக்கத்தை மூடிய பழைய கட்டு, கசியும் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பியது. அதே கல்லைத் திறந்த கட்டில் வைத்தால் ஜீவன் போய்விடும். மறுபடி பட்டை தீட்டலாம். ஆனால் எடை கணிசமாகக் குறையும், கல்லின் பழமையும் போகும். மூடிய கட்டையே கேட்டு வாங்குவதுதான் இத்தகைய கற்களுக்குப் பெரும்பாலும் ஏற்றது. பழைய கற்கள் அளவில் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி இருக்கை வெட்ட வேண்டும். மெழுகு அச்சில் வார்த்து எடுக்கும் கடை நகை இதற்குத் தோதுப்படாது. கல்லை அளந்து செய்யும் ஆசாரிதான் வேண்டும்.

புது நகை முடிந்ததும் எடைக் கணக்கில் சேதாரம் வரும். தங்கம் கொதிப்பது 2,800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில். பட்டறை நெருப்பில் அது ஆவியாகிப் போவதில்லை. சேதாரமாவது அரத்தின் தூளும், மெருகுத் துணியில் ஒட்டியதும், மூசைச் சுவரில் ஊறியதுமே. இவை அனைத்தும் திரும்ப எடுக்கக்கூடியவை. பட்டறைக் குப்பையை விலைக்கு வாங்கி அரித்துப் பொன் எடுப்போர் நகைத் தெருக்களில் உண்டு. கடைசி வேலை முத்திரை. 2023 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இருக்க வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் குந்தன், போல்கி, ஜடாவ் வகைக் கல் நகைகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. விலக்குப் பெற்ற அந்த நகைகள் அடுத்த தலைமுறையில் அழிக்க வரும்போது, மாற்றுச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.