காதை நம்பலாமா?

உங்கள் பிள்ளை ஜார்ஜ்டவுன் பட்டறையில் காரை விட்டு, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறானா? இதைக் கவனியுங்கள்.

டர்போ என்பது என்ஜின் புகையால் சுழன்று, காற்றை உள்ளே திணிக்கும் விசிறி. காற்று கூடினால் பெட்ரோலும் கூடவேண்டும். சாதாரண ஓட்டத்தில் 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று. முழு அழுத்தத்தில் சுமார் 12 கிராம்தான். பெட்ரோல் குறைந்தால் கலவை தாறுமாறாக வெடிக்கும், பிஸ்டனே உருகக்கூடும்.

கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும் இதை மெக்கானிக்கின் காது முழுதும் பிடிக்காது. 'டேட்டாலாகர்' கருவியோ அழுத்தம், கலவை, என்ஜின் வேகம் எல்லாவற்றையும் நொடிக்குப் பலமுறை பதியும். ஒரு மாற்றம், ஒரு பதிவு. பிறகே அடுத்த மாற்றம்.

சோதித்துப் பார்க்கப் பினாங்குப் பாலம் வேண்டாம். பட்டறையின் உருளைமேடை போதும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் தேவை.

பணம் கொடுக்குமுன் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பல மாதச் சம்பளமல்லவா!