முத்திரை என்னும் சாட்சி

அண்டை நாட்டு அரசர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்வித்து, 'முஹம்மத் ரஸூலுல்லாஹ்' என்று மூன்று வரிகளில் பொறிக்கச் செய்தார்கள். அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரிடம் இருந்த அந்த மோதிரம், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஹதீஸ் நூல்களில் நாம் படித்து அறிந்த செய்திதான் இது.

இஸ்லாம் பரவிய நாடுகளில் எல்லாம் முத்திரை வழக்கமும் பரவியது. மலாய் மக்களின் நாடுகளில் அது எப்படி இருந்தது என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் அன்னபெல் தே கேலப் என்ற பெண்மணி. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் தென்கிழக்கு ஆசியக் கையெழுத்து ஏடுகளின் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். 2019-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் 2,168 முத்திரைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. 70-க்கும் மேற்பட்ட பொது நிறுவனங்களிலும் 60 தனியாரிடமும் இருந்தவற்றைத் தேடித் திரட்டியது அந்த நூல். இன்றைய மலேசியா, சிங்கப்பூர், புருனை, இந்தோனேசியா ஆகிய நாடுகளையும், தாய்லாந்து, கம்போடியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் தென்பகுதிகளையும் சேர்ந்த முத்திரைகள் அவை. காலம் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை.

முத்திரையை மலாய் மொழியில் 'சாப்' என்பார்கள். நாம் சொல்லும் 'சாப்பா' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். வெள்ளியிலோ பித்தளையிலோ கல்லிலோ செதுக்கிய முத்திரையை விளக்குச் சுடரில் காட்டுவார்கள். கரி படிந்ததும், லேசாக ஈரமாக்கிய காகிதத்தில் அழுத்துவார்கள். எழுத்து வெள்ளையாகவும் பின்புலம் கறுப்பாகவும் பதியும். பல முத்திரைகள் தாமரை இதழ் வடிவில் இருக்கும். சொந்தக்காரரின் பெயர், பட்டம், தந்தையின் பெயர், பல நேரம் ஹிஜ்ரி ஆண்டு ஆகியவை அரபி எழுத்தில் இருக்கும். 'அல்லாஹ்வையே நம்பியிருப்பவர்' என்ற பொருள்படும் 'அல்வாஸிக் பில்லாஹ்' என்ற தொடரும் அடிக்கடி வரும். கடிதத்தின் எந்த உயரத்தில் முத்திரை குத்துவது என்பதற்கும் முறை உண்டு. எழுதியவருக்கும் பெறுபவருக்கும் உள்ள தகுதி வேறுபாட்டை அது காட்டிவிடும்.

ஆச்சே சுல்தான்களின் முத்திரை இன்னும் சிறப்பானது. நடு வட்டத்தில் ஆளும் சுல்தானின் பெயர். சுற்றிலும் எட்டு வட்டங்களில் முன்னாள் சுல்தான்களின் பெயர்கள். அதனால் 'ஒன்பது வட்ட முத்திரை' என்றே பெயர். தைமூர் வரையிலான முன்னோர் பெயர்களைச் சுற்றிலும் பொறித்த முகலாயப் பேரரசர்களின் முத்திரையே இதற்கு முன்மாதிரி. இந்தியாவுக்கும் சுமத்ராவுக்கும் இருந்த உறவை உள்ளங்கை அளவு மையில் காண்கிறோம்.

கைப்பட எழுதிய குர்ஆன் பிரதிகளையும் கேலப் ஆராய்ந்தார். எழுதியவர் யார், எந்த ஊர் என்ற குறிப்பு அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஓரப் பூவேலையை வைத்தே ஊரைக் கண்டறிய வேண்டும். ஆச்சேயின் பிரதிகளில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு வண்ணங்களுக்கு இடையே காகிதத்தின் வெண்மையையும் ஒரு வண்ணம் போலப் பயன்படுத்தினார்கள். திரெங்கானு பிரதிகளில் பொன்வேலையும் நுணுக்கமும் மிகுதி.

இதில் நமக்கும் பங்குண்டு. மலாய் மொழியை எழுதிய அரபி எழுத்துக்கு 'ஜாவி' என்று பெயர். மலாய் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள். நம் முன்னோர் அரபுத்தமிழுக்குச் செய்ததும் அதுவே. மலாய் உரைநடையின் முன்னோடி முன்ஷி அப்துல்லாஹ்வின் பாட்டனாரின் தந்தை, ஏமனிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்தவர். மலாக்காவில் பிறந்த அப்துல்லாஹ் தமிழும் கற்றார். இளமையிலேயே ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார்.

இத்தகைய ஏடுகள் அழிவது எளிது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பந்தா ஆச்சேயில் ஓர் ஆவண நிலையமே ஏடுகளோடு அழிந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டம் ஒன்றின் வழியாக, ஆச்சேயில் குடும்பங்களிடம் இருந்த ஏடுகள் படமெடுக்கப்பட்டன. ஏடு உரியவர் வீட்டிலேயே இருக்க, படம் மட்டும் உலகத்தார் பார்வைக்குச் சென்றது.

நம் வீடுகளிலும் பரணிலும் பெட்டியிலும் பழைய கிதாபுகள், அரபுத்தமிழ்க் கடிதங்கள், நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃப் பத்திரங்கள் இருக்கலாம். சிதைந்த முஸ்ஹஃபையும் கிதாபையும் கண்ணியமாக மண்ணில் அடக்குவதோ நீரில் விடுவதோ நம் வழக்கம். அச்சுப் பிரதிக்கு அது சரி. கையால் எழுதியதாக இருந்தால், அதற்கு முன் ஊர் ஆலிமிடமோ அரபிக் கல்லூரியிலோ காட்டி விவரம் கேளுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். ஓரக் குறிப்பு, சாப்பா, வெற்றுத் தாள் உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். யாருடையது, யார் வழி வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள்.

வக்ஃப் சொத்து வழக்கில் ஒரு பழைய முத்திரைத் தாளே சாட்சியாக நிற்கக்கூடும். முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்ற காகிதமும் அமானிதமே. அதைப் பேணி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக.