விழுங்க முடியாதவருக்கு மருந்து

எச்சிலை ஒரு முறை விழுங்கிப் பாருங்கள். நொடி நேர வேலைதான். ஆனால் அதற்குள் ஏறத்தாழ முப்பது தசைகள் வரிசை தவறாமல் இயங்குகின்றன. மூச்சுக்குழலின் வாயில் மூடிக்கொள்கிறது. வரிசை பிசகினால் புரையேறுகிறது.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், கைகால் நடுங்கி நடை தளரும் ஒரு நோயை விவரித்தார். நோயாளிகள் விழுங்கச் சிரமப்படுவதையும் அவர் அப்போதே கவனித்திருந்தார். நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் அழிவதால், டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைந்துவிடுகிறது. தசைகளின் இயக்கம் மந்தமாகிறது. தொண்டைத் தசைகளும் இதற்கு விலக்கல்ல.

டோபமினையே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அதனால் தாண்ட முடியாது. லெவோடோபா தாண்டிவிடும், உள்ளே போய் டோபமினாக மாறும். (நம் புதர்களில் படரும் பூனைக்காலியின் விதையில் இப்பொருள் இயற்கையாகவே உண்டு. அதற்காகப் பறித்துத் தின்றுவிடாதீர்கள்!)

சிக்கல் இங்கேதான். விழுங்க மருந்து வேண்டும். மருந்தையோ விழுங்க வேண்டும்! லெவோடோபா இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். வேளை தவறினால் உடல் இறுகும், விழுங்குவது இன்னும் கடினமாகும். திடீரென்று அடியோடு நிறுத்தினால் கடுங்காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்து வரலாம்.

பொடித்துக் கொடுக்கலாமா? எல்லா மாத்திரையையும் அப்படிச் செய்ய முடியாது. மெல்லக் கரையும்படி தயாரித்த மாத்திரையைப் பொடித்தால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். பருப்பு, முட்டை போன்ற புரத உணவோடு கொடுத்தாலும் தொல்லை. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வாசலில் நுழையப் போட்டியிடுகின்றன.

நாக்கில் வைத்ததும் கரையும் மாத்திரை உண்டு. அதில் ஏமாந்துவிடக் கூடாது. மருந்து உறிஞ்சப்படுவது நாக்கில் அல்ல, சிறுகுடலில். கரைந்த எச்சிலை விழுங்கித்தான் ஆக வேண்டும். அதுவும் முடியாதவருக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, நீரில் கரையும் வகையைக் கொடுக்கிறார்கள். நோய் முற்றிய சிலருக்கு, வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருந்துக் கூழைச் சிறுகுடலுக்கே பம்பு மூலம் அனுப்புவதும் உண்டு.

தொண்டையையும் குடலையும் தவிர்க்கும் வழி ஒன்று, தோல். ரோட்டிகோட்டின் என்பது லெவோடோபா அன்று. டோபமினைப் போலவே நடிக்கும் வேறொரு பொருள். மருந்து தடவிய பட்டையைத் தோளிலோ தொடையிலோ ஒட்டினால் 24 மணி நேரம் சிறுகச் சிறுக இரத்தத்தில் கலக்கும். ஆனால் தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும்.